சிசிலிக்குச் சாப்பிடவே போகிறோம், இன்சுலினை என்ன செய்வது?

திருச்சியிலிருந்து 61 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பதினாறு வருடமாகச் சர்க்கரை நோய். இரண்டு வேளையும் மெட்ஃபார்மின் மாத்திரை. அதோடு 30/70 கலவை இன்சுலின், காலையில் 20 யூனிட், இரவில் 14. குப்பியிலிருந்து சிரிஞ்சில் எடுத்துத் தானே போட்டுக்கொள்கிறார். மகள் குடும்பம் ஜெர்மனியில் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து மார்ச் 16 முதல் 24 வரை இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோ நகருக்குப் போகிறார்கள். சுற்றிப் பார்ப்பது இரண்டாம்பட்சம், சாப்பிடத்தான் போகிறோம் என்று எழுதியிருக்கிறார். சந்தைத் தெருவில் மண்ணீரல் சாண்ட்விச், கடல் முள்ளெலி, கன்னோலி என்ற இனிப்பு, அப்புறம் மார்ச் 19 அன்று புனித சூசையப்பர் விழா விருந்து என்று பட்டியலே போட்டுவிட்டார். மனைவி சைவம், முட்டையும் தொடமாட்டார்.

அவர் கணக்கு இது: "மெடிட்டரேனியன் உணவு சர்க்கரைக்கு நல்லது என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள், அதனால் அங்கே பத்தியம் வேண்டாம்தானே? கன்னோலி சாப்பிடும் நாளில் நாலு யூனிட் கூட்டிப் போட்டுக்கொள்கிறேன். ஹோட்டலில் சாப்பிட லேட்டாகும் நாளில் ராத்திரி ஊசியை விட்டுவிடுகிறேன். ஹெச்பிஏ1சி 6.8தான், கட்டுப்பாட்டில் இருக்கிறது. வெறும் வயிற்றில் 160, சாப்பிட்டபின் 240 காட்டுகிறது, அது மெஷின் கோளாறாக இருக்கும்." கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "நாலு வயதுப் பேரனுக்குப் பிறந்தபோது எடுத்த டெஸ்டில் ஜி6பிடி குறைபாடு என்று வந்தது. நன்றாகத்தான் இருக்கிறான், நாங்கள் மறந்தே போய்விட்டோம்."

ஐயா, நீங்கள் போகலாம், சாப்பிடலாம். ஆனால் உங்கள் கேள்விகளுக்கு வரும் முன் அந்தக் கடைசி வரியைப் பேசியாக வேண்டும். கடிதத்திலேயே என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான்.

பேரனும் ஃபாவா பயறும்

ஜி6பிடி என்பது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதையாமல் காக்கும் ஒரு நொதி. அது குறைவாக உள்ளவர்கள் சாதாரணமாக ஓடியாடிக்கொண்டு இருப்பார்கள். சில மருந்துகளோ ஃபாவா என்ற பயறோ உள்ளே போனால் கதை மாறும். அந்தப் பயற்றில் உள்ள வைசின், கான்வைசின் என்ற பொருள்கள் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சாப்பிட்ட ஓரிரு நாளில் குழந்தை வெளிறிப்போகும், கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போகும், சோர்ந்து படுத்துவிடும். சில குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவரும். முன்பு ஒருமுறை சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றாலும் அடுத்த முறைக்கு அது உத்தரவாதம் இல்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பயறு அன்றாடச் சமையலில் இல்லை. பார்க்கப் பெரிய மொச்சை மாதிரி இருக்கும், ஆனால் மொச்சை வேறு, இது வேறு. வட இந்தியாவில் பாக்லா என்பார்கள். நீங்கள் இதை மறந்துபோனதற்கு அதுவே காரணம். நீங்கள் போகும் ஊரிலும் நாளிலும் நிலைமை நேர்மாறு. சூசையப்பர் விழாவுக்குச் சிசிலியில் சமைக்கும் முக்கியமான பண்டமே காய்ந்த ஃபாவாவைக் குழைய வேகவைத்துச் செய்யும் 'மாக்கு' என்ற கெட்டியான சூப். வசந்தம் பிறந்தால் பச்சை ஃபாவா, பட்டாணி, ஆர்ட்டிசோக் மூன்றையும் சேர்த்து வதக்கும் 'ஃப்ரித்தெட்டா' வரும். சைவம் தேடும் பாட்டிக்கு ஹோட்டல்காரர் முதலில் காட்டப்போவது இவைதான். பாட்டி தட்டிலிருந்து பேரனுக்கு ஒரு ஸ்பூன் போகாமலா இருக்கும்?

அதனால் பேரன் இருக்கும் மேசையில் ஃபாவா வேண்டாம். மெனுவில் 'ஃபாவே' என்றோ 'மாக்கு' என்றோ இருந்தால் தொடாதீர்கள். "நியென்ட்டே ஃபாவே, ஃபாவிஸ்மோ" என்று சொன்னால் போதும், இந்தக் குறைபாடு இத்தாலியில், அதிலும் சார்டினியா, சிசிலி பக்கம், நன்றாகவே அறியப்பட்டது. கொண்டைக்கடலையில் செய்த பண்டங்களைப் பேரன் தாராளமாகச் சாப்பிடலாம். உங்கள் மகள் அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, அங்குள்ள குழந்தை மருத்துவரிடம் காட்டி, தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலையும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு விஷயம், இது உங்களைப் பற்றியது. இந்தக் குறைபாடு எக்ஸ் குரோமோசோமில் வருவது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே கிடைக்கும். அப்படியென்றால் பேரனுக்கு அது பெரும்பாலும் உங்கள் மகள் வழியாக வந்திருக்க வேண்டும். மகளுக்கோ ஓர் எக்ஸ் உங்களுடையது, இன்னொன்று உங்கள் மனைவியுடையது. உங்களுக்கே இந்தக் குறைபாடு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அது உண்மையானால் நீங்கள் மெஷின் கோளாறு என்று ஒதுக்கியதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை வைத்துக் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் பரிசோதனை. அது 6.8 என்றால் சராசரிச் சர்க்கரை 150க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டு அளவுகள் 160, 240 என்கின்றன. ஜி6பிடி குறைபாட்டில் சிவப்பணுக்களின் ஆயுள் குறையலாம். அவற்றில் சர்க்கரை ஒட்டுவதற்கு நாள் போதாது, ஹெச்பிஏ1சி பொய்யாகக் குறைந்து காட்டும். அப்படியானால் மெஷின் சொல்வது சரி, ரிப்போர்ட் சொல்வதுதான் தவறு. வேறு காரணங்களும் இருக்கலாம், எழுத்தில் பார்த்து நான் முடிவு சொல்ல முடியாது. ஜி6பிடி அளவு, சிவப்பணுக்களை நம்பாமல் சமீபத்திய வாரங்களின் சர்க்கரையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளைச் செய்யச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். முடிவு தெரியும் வரை மாக்கு உங்களுக்கும் வேண்டாம்.

"மெடிட்டரேனியன் உணவு நல்லதுதானே?"

நல்லதுதான். ஸ்பெயினில் 7,447 பேரை வைத்து நடத்திய பிரெடிமெட் ஆய்வு 2013இல் வெளியானது. முறையில் குறை கண்டு திரும்பப் பெற்று, திருத்தி 2018இல் மறுபடி வெளியிட்டார்கள். தாராளமான ஆலிவ் எண்ணெய், அல்லது கொட்டைப் பருப்புகள் சேர்த்த மெடிட்டரேனியன் உணவில் மாரடைப்பும் பக்கவாதமும் சுமார் 30 சதவீதம் குறைந்தன என்பதே இரண்டு முறையும் வந்த முடிவு. கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் உங்களைப் போலச் சர்க்கரை உள்ளவர்கள்.

ஆனால் டாக்டர்கள் நல்லது என்று சொல்லும் உணவு, 1950களில் கிரீட் தீவிலும் தெற்கு இத்தாலியிலும் உழைக்கும் குடும்பங்கள் வீட்டில் சாப்பிட்டது. காய், கீரை, பயறு, முழுத் தானியம், கொஞ்சம் மீன், ஆலிவ் எண்ணெய், அபூர்வமாக இறைச்சி. இனிப்பு விசேஷத்துக்கு மட்டும். நீங்கள் பட்டியல் போட்டிருப்பது பலெர்மோவின் தெருவும் திருவிழாவும். அங்கே எண்ணெய்ச் சட்டி ஓய்வதே இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் வந்த அரபு ஆட்சிக் காலத்தில் கரும்பு சிசிலிக்கு வந்து சேர்ந்தது, அன்றிலிருந்து இனிப்பில் அந்த ஊரை மிஞ்ச ஆளில்லை. கஸ்ஸாத்தா என்ற கேக்கில் இனிப்பிட்ட ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டி, பாதாம் பசை, சர்க்கரைப் பாகில் ஊறிய பழம் மூன்றும் ஒன்றாக இருக்கும். இதைச் சாப்பிட்டுவிட்டு மெடிட்டரேனியன் உணவு சாப்பிட்டேன் என்று கணக்கு வைக்கக்கூடாது.

நல்ல செய்தியும் இருக்கிறது. அந்த வீட்டுச் சாப்பாடு இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதன் ருசி தெருப் பண்டத்துக்குக் குறைந்ததில்லை. எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் முதலில் காய்த் தட்டு கேளுங்கள். கத்தரிக்காயும் செலரியும் புளிப்பு இனிப்பாக வரும் கபோனாத்தா, சுட்ட குடைமிளகாய், ஆர்ட்டிசோக். அதற்குப் பிறகு மீன். பாஸ்தா கடைசியில், இருவருக்கு ஒரு தட்டு. காயும் புரதமும் முதலில் போய், மாவு பின்னால் போனால், அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை ஏறுவது குறைகிறது. ஆலிவ் எண்ணெய்க்குப் பயப்பட வேண்டாம், ஆனால் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி என்பது நினைவில் இருக்கட்டும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து

நீங்கள் கன்னோலியை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். ஒன்பது நாளில் இரண்டு முறை சர்க்கரை 280 போனால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. முன்பின் தெரியாத ஊரில், கூட்டமான சந்தையில், மத்தியானம் ஒன்றரை மணிக்கு 45க்கு இறங்கினால் ஆகும்.

நீங்கள் போடும் கலவையில் 30 பங்கு வேகமாக வேலை செய்வது, 70 பங்கு மெதுவாக. காலை ஏழரைக்குப் போட்டால் அந்த மெதுவான பகுதி பதினொன்றரைக்கு மேல்தான் உச்சத்துக்குப் போகத் தொடங்கும், சாயங்காலம் வரை அதன் வேகம் இருக்கும். வீட்டில் பன்னிரண்டரைக்கு இலை போட்டுவிடுவார்கள், அதனால் தெரியவில்லை. பலெர்மோவில் பல ஹோட்டல்களில் மதியச் சாப்பாடு ஒரு மணிக்குத்தான் சூடுபிடிக்கும், இரவுச் சாப்பாடு எட்டுக்கு மேல்தான். அதற்குள் நீங்கள் பல்லாரோ சந்தையில் இரண்டு மணி நேரம் நடந்திருப்பீர்கள். நடையும் சர்க்கரையை இறக்கும்.

இதற்குத் தெருக்கடையே கைகொடுக்கும். காலையிலிருந்தே பனெல்லே கிடைக்கும். கடலை மாவைத் தண்ணீரில் களி மாதிரி கிண்டி, பார்ஸ்லி இலை சேர்த்து, பலகையில் பரப்பி ஆறவைத்து, மெல்லிய வில்லையாக வெட்டிப் பொரிப்பார்கள். எள் தூவிய பன்னில் நாலைந்து வில்லையை வைத்து, எலுமிச்சை பிழிந்து கையில் கொடுத்துவிடுவார்கள். ஹோட்டல் திறக்கும் வரை காத்திருக்காமல் பன்னிரண்டு மணிக்கு அதில் பாதியைச் சாப்பிட்டுவிடுங்கள். உங்கள் மனைவிக்கும் அந்த ஊரில் நம்பிச் சாப்பிட முதல் பண்டம் அதுதான்.

இரவு ஊசியை விடவே கூடாது. அறையிலேயே போட்டுக்கொண்டு ஹோட்டலுக்குக் கிளம்பவும் கூடாது. டாக்ஸி வராது, மேசை காலியாக இருக்காது, தட்டு ஒன்பதேகாலுக்கு வரும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் என்பதுதான் உங்கள் இன்சுலினின் விதி என்றாலும், பயணத்தில் ரொட்டியோ காய்த் தட்டோ கண்ணெதிரே வந்தபின் போடுவதே பத்திரம். கொஞ்சம் ஏறும், ஏறட்டும். படுக்கும் முன் ஒருமுறை பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

கன்னோலிக்காக நாலு யூனிட் கூட்டுவது வேண்டவே வேண்டாம். கூட்டும் நாலில் முக்கால்வாசி மெதுவான பகுதி, கன்னோலி செரித்துப் பல மணி நேரம் கழித்து, நீங்கள் தூங்கும்போது வந்து இறக்கும். பதிலுக்கு அந்த வேளை பாஸ்தாவையும் ரொட்டியையும் விட்டுவிட்டு, ஒரு கன்னோலியை இருவராகச் சாப்பிடுங்கள். ஒயின் சர்க்கரையைக் குறைக்கும் என்று நண்பர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது குறைப்பது நல்ல வழியில் இல்லை. கல்லீரல் ரத்தத்துக்குச் சர்க்கரை விடுவதை மது தடுத்துவிடும். இரவில் இறங்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். குடித்தே ஆக வேண்டுமென்றால் சாப்பாட்டோடு ஒரு சின்ன கிளாஸ், அதோடு சரி.

சர்க்கரை இறங்கினால் சாக்லேட்டோ கன்னோலியோ உதவாது, கொழுப்பு அதை மெதுவாக்கிவிடும். மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், அல்லது குளுக்கோஸ். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மூலைக்கு மூலை இருக்கும் காபி பார்களில் சர்க்கரைப் பொட்டலங்கள் கவுண்டரிலேயே இருக்கும். எப்போதும் நாலைந்து சட்டைப் பையில் கிடக்கட்டும்.

நிரந்தரமான வழி வேறு. உணவோடு போடும் அனலாக் என்ற புதுவகை இன்சுலின் கலவைக்கோ, நாளுக்கொரு ஊசியும் வேளைக்கொரு ஊசியுமான முறைக்கோ மாறுவது. இரண்டாவதில் சாப்பாட்டு நேரம் உங்கள் கையில் வரும், ஆனால் தினம் நான்கு ஊசி, செலவும் கூடும். மாறுவதென்றால் ஜனவரி முடிவதற்குள் தொடங்கி, அளவு படிந்தபின் கிளம்புங்கள். கிளம்பும் வாரத்தில் மாற்றுவது கூடாது. மாற மனமில்லையென்றால், கையில் ஒட்டிச் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் ஒன்றைப் பயண நாட்களுக்காவது போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஹெச்பிஏ1சி மேல் எனக்குச் சந்தேகம் இருப்பதால் அதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் பட்டியலும் மனைவியின் தட்டும்

மண்ணீரல் சாண்ட்விச் ஒருமுறை சாப்பிடுங்கள். நம்மூரில் ஆட்டுச் சுவரொட்டி வறுத்துச் சாப்பிட்டவருக்கு அது அந்நியமில்லை. அங்கே மாட்டு மண்ணீரலும் நுரையீரலும், பன்றிக் கொழுப்பில் வாட்டியது, அவ்வளவுதான். யூரிக் ஆசிட் அதிகம் என்றால் அதையும் தவிர்க்கவும்.

கடல் முள்ளெலி, சிப்பி, பச்சை நெத்திலி ஆகியவற்றைப் பச்சையாகச் சாப்பிட உங்களுக்கு என் சம்மதம் இல்லை. நீண்டநாள் சர்க்கரை உள்ள உடம்பில் கடல்நீர்க் கிருமிகளின் தொற்று வேகமாகப் பரவும். பச்சையாகப் பரிமாறும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரமாவது உறைய வைத்திருக்க வேண்டும் என்று ஐரோப்பிய விதி இருக்கிறது. அது மீன் புழுவுக்குத்தான் தீர்வு, எல்லாக் கிருமிக்கும் இல்லை. எலுமிச்சைச் சாறும் ஒன்றையும் வேகவைக்காது. வேகவைத்த ஆக்டோபஸ், மத்தி மீன் பாஸ்தா இரண்டும் அந்த ஊரில் பிரமாதம், பயமில்லாமல் சாப்பிடலாம்.

உங்கள் மனைவிக்குச் சைவம் போலத் தெரிபவையே சிக்கல். வெண்ணெய் போட்டது என்று சொல்லும் அரஞ்சீனா என்ற சோற்று உருண்டைக்குள் பெரும்பாலும் பன்றி ஹாம் இருக்கும். தக்காளியும் வெங்காயமும் மட்டும் தெரியும் ஸ்ஃபின்சியோனே என்ற தடித்த பீட்சாவில் நெத்திலி கரைந்திருக்கும். காலிஃபிளவர் பாஸ்தாவிலும் அப்படித்தான். கன்னோலியின் மேலோட்டில் பல இடங்களில் முட்டையும் பன்றிக் கொழுப்பும் சேரும். "சென்ட்ஸா கார்னே, சென்ட்ஸா பெஷே, சென்ட்ஸா உவோவா" என்று இறைச்சி, மீன், முட்டை மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீனோடு வந்துவிடும்.

பையும் பாலிசியும்

இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்குப் பெட்டியில் போட்டால் உறைந்துபோகலாம், உறைந்தது திரும்ப உருகினாலும் பயன்படாது. டாக்டர் கடிதத்தில் மருந்துகளின் வேதிப்பெயர் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லி கட்டுப்பாடு தடையாக இருக்காது. தேவையைப்போல இரண்டு மடங்கு எடுத்து, பாதியை மனைவியின் பையில் வையுங்கள்.

மிக முக்கியம், சிரிஞ்சு. நீங்கள் குப்பியில் போடுவதாகச் சொல்வதால் அது மில்லிக்கு 40 யூனிட் உள்ளதாக, சிரிஞ்சு சிவப்பு மூடியாக இருக்கும் என்று நினைக்கிறேன். லேபிளைப் பாருங்கள். ஐரோப்பாவில் கிடைப்பது மில்லிக்கு 100 யூனிட். உங்கள் குப்பி தொலைந்து அங்கே ஒன்று வாங்கி, சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். உங்கள் குப்பியிலிருந்து அவர்கள் சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் வெறும் 8. குப்பியும் சிரிஞ்சும் ஒரே ஜோடியாகவே இருக்க வேண்டும். இந்தியச் சீட்டுக்கு அங்கே மருந்து கிடைத்துவிடும் என்று நம்பியும் போகாதீர்கள்.

மகளின் ஜெர்மன் காப்பீடு உங்களையும் சேர்க்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்க்காது. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ பயணக் காப்பீடு நீங்கள் தனியாக எடுத்தாக வேண்டும். விலை குறைந்த பாலிசிகள் பலவற்றில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் கிடையாது. சர்க்கரையை மறைத்து எடுத்தால், அது தொடர்பான ஆஸ்பத்திரிச் செலவு உங்கள் தலையில் விழும். பிரீமியம் கூடினாலும் நோயைச் சொல்லி, அதற்கும் சேர்த்து எடுங்கள். பேரன் பெயரில் உள்ள ஐரோப்பியக் காப்பீட்டு அட்டையை மகள் கொண்டுவரட்டும். அவசரத்துக்கு அங்கே எண் 112.

கால் எரிச்சலைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பலெர்மோவின் பழைய தெருக்கள் கல் பாவியவை. பயணத்துக்கென்று புது ஷூ வாங்குவதானால் இப்போதே வாங்கி நடந்து பழகுங்கள். தினமும் இரவு உள்ளங்காலை மனைவியிடம் காட்டுங்கள். கொப்புளம் தெரிந்தால் மறுநாள் சந்தைக்குப் போக வேண்டாம்.

பரிசோதனை முடிவுகள் வந்ததும் எழுதுங்கள். ஹெச்பிஏ1சி பொய் சொல்லியிருக்கிறது என்று தெரிந்தால் இன்சுலின் அளவையே முதலிலிருந்து பார்க்க வேண்டிவரும். பயணத் தேதிக்கு முன்னால் அதற்கு நேரம் வேண்டும் என்பதால் இந்த வாரமே ரத்தம் கொடுத்துவிடுங்கள்.